இருபத்தொன்பது அடி வீடும் ஒரு கொக்கியும்

பர்வெல், நெப்ராஸ்கா
3 மார்ச் 1998

அன்புள்ள ஆரின் மச்சானுக்கு,

நீ அனுப்பிய உலர்ந்த பிளம்ஸ் பெட்டி கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. நன்றி எழுத மார்ச் ஆகிவிட்டதே என்று லோயிஸ் தினமும் இடிக்கிறாள். "எங்க அண்ணன் அனுப்புனதை மூக்கு முட்டத் தின்னத் தெரியுது, ரெண்டு வரி எழுதத் தெரியலையா?" என்கிறாள். ஆகவே நன்றி. பழம் அருமை. ஐடஹோ மண்ணில் உருளைக்கிழங்கைத் தவிர வேறொன்றும் விளையாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியோடு வெல்டிங் பட்டறையை மூடிவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் குனிந்து நெருப்பைப் பார்த்தது போதும் என்று கண் டாக்டரும் சொன்னார், முதுகும் சொன்னது. லோயிசுக்கு அறுபத்து மூன்று முடிந்துவிட்டது, இன்னும் கடலைப் பார்த்ததில்லை. ஜூனில் கிளம்பி, வயோமிங் வழியாக வந்து, உங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு, அப்படியே ஓரிகன் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம்.

அதற்கு ஒரு டிரெய்லர் பார்த்திருக்கிறேன். இருபத்தொன்பது அடி. உள்ளே சோபா இருக்கிறது, குளிக்கத் தொட்டி இருக்கிறது, சமையல் மேடைக்கு மேலே பெரிய ஜன்னல். கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்த வீட்டைவிடப் பெரிது, மச்சான். இழுக்கப் போவது என்னுடைய அரை டன் பிக்கப் வண்டிதான். கடைக்காரன் ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினான். டிரெய்லரின் உலர் எடை 5,900 பவுண்டு. என் பிக்கப் 7,500 வரை இழுக்கும். "அலுங்காம குலுங்காம இழுக்கும் சார், புத்தகத்துலயே போட்டிருக்கான் பாருங்க" என்றான். ஆயிரத்து அறுநூறு மிச்சம். லோயிஸ் அடுக்களையையே தூக்கி உள்ளே வைத்தாலும் அவ்வளவு வராது. 28ஆம் தேதி சனிக்கிழமை போய்க் கையெழுத்துப் போடப் போகிறேன்.

டிரெய்லரை மாட்டுகிற கொக்கியை நானே பிக்கப்பில் பற்றவைக்கப் போகிறேன். பதினைந்து வருஷமாக நான் கொக்கிவேலை எதுவும் எடுப்பதில்லை, உனக்குத் தெரியும். இந்த ஒன்றைச் செய்து, இருபத்தொன்பது அடியை அதில் மாட்டி, ஊர்ச் சதுக்கத்தை ஒரு தடவை சுற்றிக் காட்டிவிட்டுத்தான் மேற்கே திரும்புவேன்.

நம் குடும்பத்திலேயே இந்த மாதிரி வீட்டை இழுத்துப் போனவன் நீ ஒருவன்தான். ஏதாவது யோசனை இருந்தால் எழுது. பெர்னிஸ் அக்காவின் இடுப்பு இந்தக் குளிருக்கு எப்படி இருக்கிறது?

வெர்லின்


வீசர், ஐடஹோ
11 மார்ச் 1998

அன்புள்ள வெர்லின் மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் வருகிறீர்கள் என்று படித்துச் சொன்னதும் பெர்னிஸ் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போய், டிரெய்லரை எங்கே நிறுத்தலாம் என்று பார்த்துவிட்டு வந்தாள். இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. குளிர் நாளில் படி ஏறமாட்டாள். உங்கள் வருகை அவளுக்கு நல்ல மருந்து.

உன்னிடம் நான் சொல்லவேண்டிய நன்றி ஒன்று பாக்கி இருக்கிறது. 83 அக்டோபரில் எங்கள் டிரெய்லர் கவிழ்ந்த அன்று, போன் வந்த கையோடு நீ ஐந்நூறு மைல் பனியில் ஓட்டிக்கொண்டு ராலின்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். ஒன்பது நாள் வராந்தா நாற்காலியில் தூங்கினாய். இடுப்பு உடைந்த என் பெண்டாட்டி வீடு திரும்பும்முன் எங்கள் வாசலில் சக்கர நாற்காலிக்குச் சரிவு கட்டி வைத்திருந்தாய். என்னிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. அதற்கெல்லாம் நான் ஒழுங்காக நன்றி சொன்னதே இல்லை. இப்போதும் சொல்ல வரவில்லை. இந்தக் கடிதத்தையே மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

டிரெய்லர் விஷயம். இருபத்தொன்பது அடி வேண்டாம்.

உலர் எடை என்பது அது தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது இருக்கிற எடை. உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் கிடையாது, ஒரு போர்வை கிடையாது, எரிவாயு உருளை கிடையாது. அந்த எடையில் அது இனிமேல் ஒருநாளும் இருக்கப்போவதில்லை. 7,300 என்று வைத்துக்கொள்.

அதைவிட முக்கியம் ஒன்று. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. புத்தகம் இழுப்பதை மட்டும்தான் சொல்கிறது. டிரெய்லர் தன் மூக்கைப் பிக்கப்பின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தும். மொத்த எடையில் எட்டில் ஒரு பங்காவது அந்த மூக்கில் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் இடமும் வலமும் வாலாட்டும். அதற்காக மூக்கைக் கனமாக்கினால், பிக்கப்பால் தாங்க முடிய வேண்டும். தாங்காவிட்டால் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும், ஸ்டீயரிங் உன் பேச்சைக் கேட்காது. ஆகவே பிக்கப்பின் கதவைத் திறந்து, உள்விளிம்பில் உள்ள தகட்டைப் படி. வண்டி மொத்தம் எத்தனை பவுண்டு வரை போகலாம் என்று இருக்கும். பிறகு பெட்ரோலை நிரப்பி, கருவிகளை வைத்து, நீங்கள் இருவரும் உட்கார்ந்து, தானியக் கிடங்கின் எடைமேடையில் ஏறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மூக்குக்குக் கிடைக்கும் இடம். எனக்கு எழுது.

வயோமிங் காற்று பொல்லாதது. அதற்கு மேல் என்ன எழுத.

ஆரின்


பர்வெல்
18 மார்ச் 1998

மச்சான்,

எடை போட்டாயிற்று.

எடைமேடையில் ஏறி நின்றதும் கிடங்குக்கார டெல்மர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னய்யா வெர்லின், சோளத்தைக் காணோம்? பொண்டாட்டியை விக்கவா வந்த?" என்றான். அவன் எடையைச் சொல்வது ஒலிபெருக்கியில். வரிசையில் நிற்கிற லாரிக்காரன் அத்தனை பேருக்கும் கேட்கும். லோயிஸ் சட்டென்று கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். "நான் எத்தனை பவுண்டுன்னு ஊருக்கே தெரியணுமா? எங்க அண்ணனுக்கு வேணும்னா நானே எழுதி அனுப்பிக்கிறேன்." அந்தச் சீட்டு இதோடு இருக்கிறது. நான் பிரிக்கக் கூடாதாம், ஒட்டிவிட்டாள். நாற்பத்தோரு வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவனுக்குக் கிடைத்த மரியாதை.

தகட்டில் இருப்பது 6,250. எடைமேடை சொன்னது, லோயிஸ் இல்லாமல், 5,430. கூட்டிக் கழித்துக்கொள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நாம் இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. உன் எழுத்தில் வளைவு வந்தால் எனக்குத் தெரியும். நீ பயப்படுவது எடைக்கா, என் கைக்கா?

83 நவம்பரில் நம் ஊர்க் காபிக் கடையில் ரெக்ஸ் என்ன சொன்னான் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எல்லார் முன்னாலும் சொன்னான்: "ஆரின் வண்டிக் கொக்கி விட்டுருச்சாம்பா. வெர்லின் பத்தவச்சதுதான்." நீ அடுத்த மேசையில்தான் இருந்தாய். காபியையே பார்த்துக்கொண்டிருந்தாய். வசந்தத்தில் வீட்டை விற்று ஐடஹோ போய்விட்டாய். பெர்னிஸ் அக்கா அந்த நிலையில் இருக்கும்போது உன்னைப் போய் என்ன கேட்பது? கேட்கவில்லை. அறுவடை இயந்திரம் உடைந்தால் என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் பக்கத்து ஊருக்குப் போக ஆரம்பித்தார்கள். அதையும் யாரிடமும் கேட்கவில்லை.

இருபத்தொன்பது அடி எதற்கு என்று இப்போது புரிகிறதா? சிறியதை இழுத்தால் யார் திரும்பிப் பார்ப்பான்? நான் பற்றவைத்த கொக்கியில் அந்த வீட்டை மாட்டி, நீ கவிழ்ந்த அதே இறக்கத்தில், லோயிசைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இறங்கிக் காட்டப் போகிறேன். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள்.

28ஆம் தேதி சனிக்கிழமை கையெழுத்து.

வெர்லின்


வீசர்
23 மார்ச் 1998

வெர்லின்,

முதலில் கணக்கு. அது எளிது. லோயிசின் சீட்டைப் பார்த்தேன். மிச்சம் எவ்வளவு என்று சரியாக எழுதினால் நீ கழித்துப் பார்த்து அவள் எடையைக் கண்டுபிடித்துவிடுவாய். எழுநூறுக்குக் கீழே என்று மட்டும் சொல்கிறேன். இருபத்தொன்பது அடியின் மூக்கு தொள்ளாயிரத்துக்கு மேல் அழுத்தும். உன் பிக்கப் தாங்காது. முழுச் சாமானோடு ஐயாயிரத்துக்குள் நிற்கிற டிரெய்லர், இருபது இருபத்தோரு அடி, அதுதான் உன் வண்டிக்குப் பொருத்தம்.

கணக்கு முடிந்தது.

இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் லோயிஸ் எடுத்தாள். குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

நீ பற்றவைத்த கொக்கி விடவில்லை.

எல்க் மலை இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து பள்ளத்தில் கிடந்தபோதும் காரும் டிரெய்லரும் பிரியவில்லை. கொக்கியின் கம்பி வளைந்திருந்தது. காரின் அடிச்சட்டம் கிழிந்திருந்தது. நீ வைத்த பற்றில் மட்டும் ஒரு கீறல் இல்லை. நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் குனிந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இதைப் பத்தவச்சவன் கைகாரன்யா" என்றார். என் காதால் கேட்டேன்.

தவறு எடையில். எனக்கு அது தெரியும். அதுதான் கொடுமை. அன்று காலை நார்த் பிளாட்டில் லாரிகள் எடைபோடுகிற இடத்தில் போட்டுப் பார்த்தேன். டிரெய்லர் என் காருக்கு அனுமதித்ததைவிட ஆயிரத்து நூறு பவுண்டு அதிகம். சீட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஓட்டினேன். திரும்பிப் போனால் எல்லாரும் சிரிப்பார்களே என்று. போதாததற்கு, டிரெய்லரின் பின்கோடியில் இருந்த தொட்டியில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நாற்பது காலன் நிரப்பியிருந்தேன். பெர்னிசுக்கு வேறு தண்ணீரில் காபி இறங்காது என்று. முந்நூற்றுச் சொச்சம் பவுண்டு, வாலில். வால் கனத்ததும் மூக்கு லேசாகிவிட்டது. இறக்கத்தில் காற்று அடித்தது, டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் பிடிக்க ஒரு நெம்புகோல் இருந்தது. அதைத்தான் பிடித்திருக்க வேண்டும், டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகியிருக்கும். நான் பயந்து காலால் கார் பிரேக்கை மிதித்தேன்.

ஆஸ்பத்திரியில் பெர்னிசின் தங்கை, "என்ன ஆச்சு, எது விட்டுச்சு?" என்று கேட்டாள். கொக்கி என்றேன். ஒரு சொல். அது எனக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. காபிக் கடையில் நான் வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. நீ ஒன்பது நாள் தூங்கிய நாற்காலியை நினைத்துக்கொண்டே திறக்கவில்லை.

அந்தக் கொக்கியை உடைசல் கிடங்கிலிருந்து நானே அறுத்து எடுத்து வந்தேன், வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. பதினைந்து வருஷமாகக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. மரப்பெட்டியில் வைத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். உன் கண்ணால் பார்.

பெர்னிசுக்கும் இது தெரியாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்வேன். முதலில் அவளிடம் சொன்னால், அவள் அழுவதைப் பார்த்துக் கடிதத்தைப் போடாமல் விட்டுவிடுவேன்.

நான் கெடுத்த பேரை மீட்கத்தான் நீ என் தங்கையை அந்த இறக்கத்தில் கொண்டுபோகப் பார்க்கிறாய். வேண்டாம் வெர்லின். உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

ஆரின்


பர்வெல்
1 ஏப்ரல் 1998

ஆரின்,

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை நான் கடைக்குப் போகவில்லை.

லோயிஸ் படித்தாள். படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய், இன்னும் உறைந்து கிடக்கிற மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. உனக்கு எழுத அவளுக்கு ஒன்றும் இல்லையாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 84 கோடையில், நீ ஊரை விட்டுப் போன பிறகு, நான் அதுவரை பற்றவைத்துக் கொடுத்த கொக்கிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். பதினொன்று. ஒவ்வொருவர் வீடாகப் போய், "வண்டியைக் கொண்டா, பாக்கணும்" என்றேன். பதினொன்றையும் நானே அறுத்து எடுத்தேன். எந்தப் பற்றில் என் கை தவறியது, எந்தப் பெண்ணுக்கு அடுத்து இடுப்பு உடையும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் பட்டறையில் வைத்து நெடுக்கே பிளந்து பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் உன்னுடையதில் மட்டும் ஏன் விட்டது என்று யோசித்தேன். பதினைந்து வருஷம் யோசித்தேன்.

பெட்டி இன்னும் வரவில்லை.

வெர்லின்


வீசர்
8 ஏப்ரல் 1998

வெர்லின்,

அந்தப் பதினொன்று எனக்குத் தெரியாது. படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

பெர்னிசிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை காபி போட்டு என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "எடைச் சீட்டைக் கசக்கிப் போட்டதைக் கூட விட்டுருவேன். என் இடுப்பு, போனா போகுது. ஆனா அந்த மனுசன் கட்டுன சரிவுலதானே என்னைத் தினம் உருட்டிட்டுப் போனீங்க? அப்பகூடவா வாய் வரலை?" என்றாள். அவளே மேலே சொன்னாள்: "உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும். மன்னிப்பை அவருக்கு மட்டும் எழுதுனா பத்தாது. பேரு கெட்டது ஊருல. ஊருல போய்ச் சொல்லுங்க."

சொல்லப் போகிறேன். எப்படி என்று அவள்தான் சொன்னாள். எழுதி அனுப்பியும் விட்டேன். எழுதிய பிறகு அன்று மத்தியானம் பசித்தது.

நீ எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. லோயிஸ் அந்த இறக்கத்தில் இருபத்தொன்பது அடிக்கு முன்னால் உட்காரவில்லை என்று மட்டும் தெரிந்தால் போதும். சனிக்கிழமை நீ போகாததற்கு நன்றி.

ஆரின்


பர்வெல்
24 ஏப்ரல் 1998

மச்சான்,

பெட்டி 15ஆம் தேதி வந்தது. மூடிய பட்டறையைத் திறந்து, மேசைமேல் வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தேன். கம்பி நீ சொன்னபடி வளைந்திருந்தது. என் பற்று, போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, எழுதுகிறேன். லோயிஸ் வந்து பக்கத்தில் நின்றாள். "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "தெரிஞ்சா ஏன் சொல்லலை?" என்றேன். "நூறு தடவை சொன்னேன். நீதான் பொண்டாட்டி சும்மா ஆறுதலுக்குச் சொல்றான்னு நினைச்ச." உண்மைதான்.

உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அந்தப் பதினைந்து வருஷம் என் கைக்குத் திரும்பி வராது. ஆனால் இதை ஒருவன் தார்ப்பாய்க்கு அடியிலேயே வைத்திருந்துவிட்டுச் செத்திருக்கவும் முடியும். அப்போது நான் என் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே போயிருப்பேன். நீ அனுப்பினாய். அதற்கு நன்றி, மச்சான். மனதார.

நேற்று வியாழக்கிழமை. ஊர்ப் பத்திரிகை வந்தது. நான் எப்போதும் மாட்டு விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். லோயிஸ்தான் நன்றி அறிவிப்புப் பகுதியைத் தவறாமல் படிப்பவள், யார் வீட்டுச் சாவுக்கு யார் சமைத்துக் கொடுத்தார்கள் என்று. திடீரென்று, "வெர்லின், இங்க வா" என்றாள். எண்பதாவது பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பியவர்களுக்கு ஒரு பாட்டியம்மா சொன்ன நன்றிக்கும், புல்லில் பிடித்த தீயை அணைத்தவர்களுக்கு ஒரு பண்ணைக்காரர் சொன்ன நன்றிக்கும் நடுவில் இருந்தது. நீ எழுதியதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன், எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது:

"1983 அக்டோபரில் எங்கள் டிரெய்லர் கவிழ்ந்தபோது வெர்லின் கோசல் பற்றவைத்த கொக்கி விடவில்லை. அளவுக்கு மீறிய எடையை ஏற்றி ஓட்டியது நான். அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எங்களோடு ஒன்பது நாள் இருந்ததற்கும், அதற்குப் பிறகு என்னை ஒரு கேள்வியும் கேட்காததற்கும் அவருக்கு நன்றி. ஆரின், பெர்னிஸ் ஹால்வர்சன்."

இன்று காலை காபிக் கடைக்குப் போனேன். போகாமல் இருக்கத்தான் நினைத்தேன், லோயிஸ் தள்ளிவிட்டாள். உள்ளே நுழைந்து ஓரத்து மேசையில் உட்கார்ந்தேன். ரெக்ஸ் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தான்.

"பேப்பர் பாத்தேன்."

"ம்."

"நான்தானேய்யா அதிகமாப் பேசுனேன்."

"ஆமா, நீதான்."

பலகாரப் பட்டியலை என் பக்கம் தள்ளினான். "பை சாப்புடுறியா?"

"செர்ரி இருந்தா."

சாப்பிட்டோம். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய மன்னிப்பு யாரும் யாரிடமும் கேட்டதில்லை, உனக்கே தெரியும்.

டிரெய்லர் வாங்கிவிட்டேன். இருபத்தோரு அடி. தொட்டி கிடையாது, நின்றுகொண்டுதான் குளிக்க வேண்டும். சோபாவும் இல்லை. கடைக்காரன் திரும்பத் திரும்பப் பெரியதைக் காட்டினான். "இல்லப்பா, என் மச்சான் கணக்குப் போட்டுக் குடுத்திருக்கான்" என்றேன். யோசித்துப் பார்த்தால், பெரியது வேண்டியிருந்தது ஊருக்குத்தான். எனக்கும் லோயிசுக்கும் இது தாராளம். கொக்கியை நானே பற்றவைத்தேன். கை மறக்கவில்லை.

சாமானெல்லாம் ஏற்றி எடைமேடைக்குப் போனோம். டிரெய்லர் 4,700. மூக்கு 600. தண்ணீர்த் தொட்டி காலி. போகிற இடத்தில் பிடித்துக்கொள்கிறோம். இந்தத் தடவை லோயிஸ் இறங்கவில்லை. டெல்மர் ஒலிபெருக்கியில் கத்தினான். அவளும் ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். எத்தனை பவுண்டு என்பதை நான் இப்போதும் சொல்லமாட்டேன்.

வெர்லின்


வீசர்
30 மே 1998

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை பெர்னிஸ் தன் தையல் கூடையில் வைத்திருக்கிறாள். செர்ரி பை வருகிற இடத்தை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். எழுதியதற்கு நன்றி. மச்சான் என்று எழுதியதற்குத் தனியாக ஒரு நன்றி.

ஒன்று கேட்க வேண்டும். லோயிஸ் இதுவரை எனக்கு ஒரு வரி எழுதவில்லை. அது நியாயம். நீங்கள் வருகிற வாரம் நான் வீட்டில் இருப்பது அவளுக்குச் சங்கடமாக இருந்தால், பக்கத்தில் ஒரு நண்பரின் பழத்தோட்டத்தில் தங்கிக்கொள்கிறேன். பெர்னிசுக்கு உங்களைப் பார்த்தால் போதும். உண்மையைச் சொன்னால், எனக்கும் உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இருக்கிறதா என்று தெரியவில்லை. காகிதத்தில் சொல்வது வேறு.

லாரமி தபால் நிலையத்தில் வாங்கிக்கொள்ளும்படி இதை அனுப்புகிறேன். அந்த இறக்கத்தில் காலையில் போங்கள், காற்று எழும்முன்.

ஆரின்


லாரமி, வயோமிங்
9 ஜூன் 1998

மச்சானுக்கு,

உன் கடிதம் இங்கே காத்திருந்தது. அந்த இறக்கம் நாளைக் காலை. இதுவரை நானூறு மைல் வந்துவிட்டோம். டிரெய்லர் பின்னால் வருவதே தெரியவில்லை. நேற்று ஒரு தடவை காற்று பக்கவாட்டில் அடித்தது. கொஞ்சம் அசைந்தது, அடங்கிவிட்டது. கையால் பிடிக்கிற பிரேக் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று லோயிசுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பழத்தோட்டத்துக்குப் போகிறாயாம். நன்றாக இருக்கிறது. உன்னைப் பார்க்கத்தான் ஐந்நூறு மைல் பனியில் ஒரு தடவை வந்தேன். இப்போது அதற்கு இரண்டு மடங்கு வருகிறேன், நீ இல்லாத வீட்டைப் பார்க்கவா?

லோயிசிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் கோபம் தீரவில்லை, அதை நான் மறைக்கப்போவதில்லை. "வீட்டுல இருக்கச் சொல்லு. திட்டுறதுக்கு ஆள் வேணாமா?" என்றாள். ஆனால் அவள் போட்ட வெள்ளரி ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கிளம்பியதிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள், உடைந்துவிடுமாம். அது யாருக்கு என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் வந்து சேருவோம். உங்கள் பின்முற்றம் குறுகல் என்று பெர்னிஸ் அக்கா லோயிசுக்கு எழுதியிருக்கிறாள். டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்துத்தான் நுழைக்க வேண்டும். கண்ணாடியில் எனக்குப் பாதிதான் தெரியும். லோயிசை இறக்கிக் கை காட்டச் சொன்னதில், அவள் இடது என்று சொல்லி வலப்பக்கம் காட்டி, நேற்றே ஒரு வேலிக்கம்பத்தைச் சாய்த்துவிட்டோம்.

நீ வெளியே வந்து பின்னால் நில். கண்ணாடியில் உன் முகம் எனக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நில், ஒதுங்காதே. நீ எந்தப் பக்கம் கை காட்டுகிறாயோ அந்தப் பக்கம் திருப்புகிறேன்.

வெர்லின்